மீட்சி மோதல் கணக்குகளை உந்தத்தை வைத்துத் தீர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறீர்கள். அது நேராகப் போய் ஒரு காயில் இடிக்கிறது. காய் பாய்ந்து ஓடுகிறது. ஸ்ட்ரைக்கரோ நிற்காமல் அதன் பின்னாலேயே மெதுவாகப் போகிறது. சில நேரம் அதுவும் குழிக்குள் விழுந்து அபராதம் வாங்கித் தருகிறது. கோலியில் கதை வேறு. ஒரு கோலியை இன்னொரு கோலியால் குறி பார்த்து நேராக அடித்தால், அடித்தது அடித்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும், அடிபட்டது அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடும். இரண்டும் மோதல்தான். நடப்பது மட்டும் ஏன் வேறு?

பிளஸ் ஒன் இயற்பியலில் இதற்கு இரண்டு நீளமான சூத்திரங்கள் வரும். பெரும்பாலானவர்கள் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போய், தேர்வறையில் கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சூத்திரங்கள் இல்லாமலேயே எல்லாக் கணக்கையும் போடலாம். தேவையானவை இரண்டு சின்னச் சமன்பாடுகளும் ஒரு படமும்தான். கவனம் மட்டும் ஒரே இடத்தில் வேண்டும்: திசை.

(இலங்கையில் படித்தவர்கள் நிறையைத் திணிவு என்றும் மோதலை மொத்துகை என்றும் பழகியிருப்பீர்கள். விஷயம் ஒன்றுதான்.)

முதலில், இது மீட்சி மோதல்தானா?

எந்த மோதலிலும் மொத்த உந்தம், அதாவது நிறை × திசைவேகம், மாறாது. வெளியிலிருந்து விசை எதுவும் குறுக்கிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. மீட்சி மோதலில் கூடுதலாக, மொத்த இயக்க ஆற்றலும் மாறாமல் இருக்கும். கேள்வியில் "மீட்சி மோதல்" என்றோ, "இயக்க ஆற்றல் இழப்பு இல்லை" என்றோ, "மீட்சியளிப்பு குணகம் 1" (விலகும் வேகம் ÷ நெருங்கும் வேகம் = 1) என்றோ இருந்தால் இந்த வழி செல்லும். "ஒட்டிக்கொண்டு நகர்கின்றன", "குண்டு மரக்கட்டைக்குள் புதைகிறது" என்று இருந்தால் ஆற்றல் சமன்பாட்டைத் தொடவே கூடாது. அங்கே உந்தம் மட்டும்தான் கைகொடுக்கும்.

பலகையில் உராய்வு இருக்கிறதே, அது வெளிவிசை இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மோதல் நடப்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில். அதற்குள் உராய்வால் பெரிதாக எதையும் மாற்றிவிட முடியாது. அதனால் மோதலுக்குச் சற்று முன், சற்றுப் பின் என்ற இரண்டு கணங்களை மட்டும் ஒப்பிடுகிறோம். அதற்கப்புறம் காய் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்பது தனிக் கணக்கு.

உந்தம் மட்டும் ஏன் போதாது?

ஒரே அளவுள்ள இரும்புக் குண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்ட பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குண்டை இழுத்து விட்டால் மறுமுனையில் ஒன்றே ஒன்று கிளம்பும். ஏன் இரண்டு குண்டுகள் பாதி வேகத்தில் கிளம்பவில்லை? உந்தத்தைக் கேட்டால் அதற்கும் சரி என்றுதான் சொல்லும்: 1 × வேகம், 2 × பாதி வேகம், இரண்டும் சமம். ஆனால் வேகத்தின் இருமடியைப் பொறுத்த ஆற்றல் அங்கே பாதியாகிவிடும். மீட்சி மோதலில் அதற்கு இடமில்லை. தெரியாத வேகங்கள் இரண்டு இருக்கும்போது ஒரு சமன்பாடு போதாது, இரண்டாவது வேண்டும்.

படி 1: கோடு போடுங்கள், திசை குறியுங்கள்

ஒரு கிடைக்கோடு. வலப்பக்கம் பிளஸ், இடப்பக்கம் மைனஸ். இரண்டு பொருள்களையும் வரைந்து அம்புக்குறி போடுங்கள். இடப்பக்கம் போகும் பொருளின் வேகத்தை எழுதும்போதே மைனஸோடு எழுதிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பெயர்களை இப்படி வைத்துக்கொள்வோம்: நிறைகள் நி₁, நி₂, மோதலுக்கு முன் திசைவேகங்கள் மு₁, மு₂, பின் திசைவேகங்கள் பி₁, பி₂.

பி₁, பி₂ எந்தத் திசையில் இருக்கும் என்று முன்கூட்டியே யூகிக்க வேண்டாம். இரண்டையும் பிளஸ் என்று வைத்துக் கணக்கைப் போடுங்கள். விடை மைனஸில் வந்தால் அது இடப்பக்கம் போகிறது, அவ்வளவுதான்.

படி 2: உந்தச் சமன்பாடு

நி₁ × மு₁ + நி₂ × மு₂ = நி₁ × பி₁ + நி₂ × பி₂

படி 3: ஆற்றலுக்குப் பதிலாக விலகும் வேகம்

இங்கேதான் பலர் ½ × நிறை × வேகத்தின் இருமடி என்று எழுதிவிட்டு இருபடிச் சமன்பாட்டில் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த வழி தப்பில்லை, சுற்றுவழி. குறுக்குவழி இது. உந்தச் சமன்பாட்டை இப்படி மாற்றி எழுதலாம்:

நி₁ × (மு₁ − பி₁) = நி₂ × (பி₂ − மு₂)

ஆற்றல் சமன்பாட்டையும் அதே மாதிரி:

நி₁ × (மு₁² − பி₁²) = நி₂ × (பி₂² − மு₂²)

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் நிறைகள் காணாமல் போய்விடும். மிஞ்சுவது மு₁ + பி₁ = பி₂ + மு₂. இதையே மாற்றி எழுதினால்:

மு₁ − மு₂ = பி₂ − பி₁

அதாவது, இரண்டும் எந்த வேகத்தில் ஒன்றையொன்று நெருங்கினவோ, அதே வேகத்தில் விலகும். நிறை எவ்வளவு என்பது இதில் வரவே இல்லை. யானையும் கோலிகுண்டும் மீட்சி மோதலில் மோதினால்கூட இது பொருந்தும். ஆற்றல் விதி முழுவதும் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது.

கேரம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கேரம் விதிகளின்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம், ஸ்ட்ரைக்கரின் வேகம் 2 மீ/வி, காய் அசையாமல் இருக்கிறது, நேர் மோதல் என்று எடுத்துக்கொள்வோம். உண்மையான கேரமில் கொஞ்சம் ஆற்றல் "டக்" என்ற சத்தமாகவும் வெப்பமாகவும் போகும். இங்கே அதை விட்டுவிடுகிறோம்.

உந்தம்: 15 × 2 + 0 = 15 × பி₁ + 5 × பி₂. ஐந்தால் வகுத்தால், 3பி₁ + பி₂ = 6.
விலகும் வேகம்: பி₂ − பி₁ = 2.

மேலதிலிருந்து கீழதைக் கழித்தால் 4பி₁ = 4. ஆக பி₁ = 1 மீ/வி, பி₂ = 3 மீ/வி. ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் பின்தொடர்கிறது, காய் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே குழிக்குப் போவதற்குக் காரணம் இந்த 1 மீ/வி.

சரிபார்ப்பு: ½ இரண்டு பக்கமும் வருவதால் விட்டுவிடலாம். முன்: 15 × 4 = 60. பின்: 15 × 1 + 5 × 9 = 60. சரி.

கிராமைக் கிலோகிராமாக மாற்றவில்லை, கவனித்தீர்களா? நிறை இரண்டு பக்கமும் இருப்பதால் வேகம் கண்டுபிடிக்க அலகை மாற்றத் தேவையில்லை. ஆற்றலை ஜூலில் கேட்டால் மட்டும் மாற்றுங்கள்: ½ × 0.015 × 4 = 0.03 ஜூல்.

இதே கணக்கைச் சுற்றுவழியில் போட்டால் என்ன ஆகும்? பி₂ = 6 − 3பி₁ என்று ஆற்றல் சமன்பாட்டில் போட்டுச் சுருக்கினால் பி₁² − 3பி₁ + 2 = 0 வரும். விடைகள் இரண்டு: 1, 2. பி₁ = 2 என்றால் பி₂ = 0. அதாவது ஸ்ட்ரைக்கர் 2-லேயே போகிறது, காய் அசையவில்லை. மோதலே நடக்கவில்லை! உந்தமும் ஆற்றலும் மோதல் நடந்ததா இல்லையா என்று கேட்பதில்லை; மோதாமல் போனாலும் அவை இரண்டும் மாறாதுதானே. அந்த வெற்று விடையைத்தான் படி 3-ல் வகுக்கும்போது கழித்துக்கட்டினோம்.

மைனஸை மறந்தால்

எதிர் எதிராக வரும் இரண்டு ஆய்வக வண்டிகள். முனைகளில் ஒன்றையொன்று விலக்கும் காந்தங்கள் பொருத்தியிருக்கின்றன, அதனால் தொடாமலேயே கிட்டத்தட்ட மீட்சி மோதல் நடக்கும். 1 கிலோ வண்டி வலப்பக்கம் 4 மீ/வி. 3 கிலோ வண்டி இடப்பக்கம் 2 மீ/வி.

மு₁ = +4, மு₂ = −2.
உந்தம்: 4 − 6 = −2 = பி₁ + 3பி₂.
விலகும் வேகம்: 4 − (−2) = 6 = பி₂ − பி₁.
இரண்டையும் கூட்டினால் 4பி₂ = 4, பி₂ = +1, பி₁ = −5.

லேசான வண்டி 5 மீ/வி வேகத்தில் திரும்பி ஓடுகிறது, கனமான வண்டியும் திசை மாறி 1 மீ/வி வேகத்தில் போகிறது. ஆற்றல்: முன் 16 + 12 = 28, பின் 25 + 3 = 28.

இப்போது மைனஸை மறந்து மு₂ = 2 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பி₁ = 1, பி₂ = 3 என்று அழகான விடை வரும். சந்தேகப்பட்டு ஆற்றலைச் சரிபார்த்தால் 1 + 27 = 28. அதுவும் சரி என்கிறது! இருமடி எடுத்தால் −2-ம் +2-ம் ஒன்றாகிவிடுவதால் ஆற்றலுக்குத் திசை தெரியாது. நீங்கள் போட்டது வேறொரு கணக்கு: முன்னால் போகும் வண்டியைப் பின்னாலிருந்து இன்னொன்று இடிக்கும் கணக்கு. ஆற்றல் சரிபார்ப்பு கூட்டல், பெருக்கல் பிழைகளைப் பிடிக்கும். இந்தப் பிழையை மட்டும் பிடிக்காது. விடையைப் படத்தோடு ஒப்பிடுவதுதான் ஒரே வழி.

இதில் தடுக்கி விழுந்தவர்களில் பெரிய ஆள்களும் உண்டு. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட் 1644-ல் மோதலுக்கு விதிகள் எழுதினார். பொருளின் அளவு × வேகம் என்ற மொத்தம் மாறாது என்பது அவர் கொள்கை. ஆனால் திசையை அதில் சேர்க்கவில்லை. அதனால் சிறிய பொருள் ஒன்று அசையாத பெரிய பொருளில் மோதினால் சிறியது அதே வேகத்தில் திரும்பிவிடும், பெரியது துளியும் நகராது என்று எழுதிவிட்டார். நம் வண்டிகளை வைத்தே அது தப்பு என்று காட்டலாம்.

கண்ணாடி வழி

டெக்கார்ட்டின் தவறைச் சரிசெய்தவர்களில் முக்கியமானவர் டச்சு நாட்டு இயற்பியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அவர் காலத்தில் ஹாலந்தில் கால்வாய்ப் படகுப் பயணம் அன்றாட விஷயம். சீராக நகரும் படகில் நின்று ஒருவர் இரண்டு குண்டுகளை மோதவிடுகிறார், கரையில் நிற்பவர் அதைப் பார்க்கிறார் என்று கற்பனை செய்தார். படகில் இருப்பவருக்கு எளிமையாகத் தெரியும் மோதல், கரையில் இருப்பவருக்குச் சிக்கலாகத் தெரியும். மோதல் ஒன்றுதான், பார்க்கும் இடம்தான் வேறு. 1650-களில் செய்த இந்த வேலை முழுதாக அச்சானது 1703-ல். அதற்கு 8 ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார்.

நமக்கு வேண்டிய படகு, நிறைமையத்தோடு (மொத்த நிறையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியோடு) சேர்ந்து நகரும் படகு. அதன் வேகம்:

மை = மொத்த உந்தம் ÷ மொத்த நிறை

அந்தப் படகிலிருந்து பார்த்தால் இரண்டு பொருளும் மோதி, வந்த வேகத்திலேயே, கண்ணாடிப் பிம்பம் போல, அப்படியே திரும்பிப் போகும். வேறு எதுவும் நடக்காது. கரைக்குத் திரும்பி வந்து எழுதினால் ஒரே வரி:

பின் = 2 × மை − முன்

இரண்டு பொருளுக்கும் இதே வரிதான். கேரம் கணக்கில் மை = 30 ÷ 20 = 1.5. ஸ்ட்ரைக்கர்: 3 − 2 = 1. காய்: 3 − 0 = 3. வண்டிகளில் மை = −2 ÷ 4 = −0.5. முதல் வண்டி: −1 − 4 = −5. இரண்டாவது: −1 + 2 = +1. நீட், ஜேஇஇ மாதிரி நேரத்தோடு ஓடும் தேர்வுகளுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. பள்ளித் தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் அங்கே படி 2, 3 வழியாகப் போங்கள். இதை ஓரத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிறப்பு நிலைகள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வந்துவிடும். சம நிறை என்றால் 2 × மை என்பது மு₁ + மு₂; ஆகவே பி₁ = மு₂, பி₂ = மு₁. வேகங்கள் இடம் மாறிக்கொள்கின்றன, கோலி நிற்பது இதனால்தான். சுவரில் பந்து மோதினால் மை கிட்டத்தட்ட சுவரின் வேகம், அதாவது 0. பந்து அதே வேகத்தில் திரும்பும்.

கூடைப்பந்தின் மேல் டென்னிஸ் பந்தை வைத்து இரண்டையும் சேர்த்துக் கீழே போட்டுப் பாருங்கள். கூடைப்பந்து தரையில் பட்டு மேலே வரும், டென்னிஸ் பந்து இன்னும் கீழே வந்துகொண்டிருக்கும். மேலே பிளஸ், இரண்டு பந்துகளின் வேகமும் ஒரே அளவு. கூடைப்பந்து மிகவும் கனமானது என்று எடுத்துக்கொண்டால் மை அதன் வேகமேதான்: 2 × 1 − (−1) = 3. சின்னப் பந்து மூன்று மடங்கு வேகத்தில் கிளம்பும், உயரம் இருமடியில் போவதால் கணக்குப்படி 9 மடங்கு. நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனாலும் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நின்று செய்ய வேண்டாம்.

சாய்ந்த மோதல்

கேரமில் நேர் அடி அபூர்வம், பெரும்பாலும் ஓரத்தில்தான் படும். அப்போது செய்யவேண்டியது: மோதும் கணத்தில் இரண்டு மையங்களையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். விசை அந்தக் கோட்டில்தான் செயல்படும். எனவே வேகத்தை இரண்டாகப் பிரித்து, கோட்டின் திசையில் உள்ள பகுதிக்கு மட்டும் மேலே பார்த்த நேர்மோதல் கணக்கைப் போடுங்கள். கோட்டுக்குச் செங்குத்தான பகுதியைத் தொடாதீர்கள், அது மாறாது.

2 மீ/வி வேகத்தில் வரும் ஸ்ட்ரைக்கரின் பாதைக்கும் மையக்கோட்டுக்கும் 60° கோணம் என்போம். கோட்டின் திசையில் 2 × கொசைன் 60° = 1; செங்குத்தாக 2 × சைன் 60° = 1.732. கோட்டில் மோதல்: மை = 15 ÷ 20 = 0.75. ஸ்ட்ரைக்கருக்கு 1.5 − 1 = 0.5, காய்க்கு 1.5. காய் மையக்கோட்டிலேயே 1.5 மீ/வி வேகத்தில் போகும். காயைக் குழிக்கு அனுப்ப, குழியையும் காயின் மையத்தையும் இணைத்த கோட்டைப் பின்னால் நீட்டிக் குறி பார்ப்பதன் காரணம் இதுதான். ஸ்ட்ரைக்கரின் வேகம் 0.5, 1.732 என்ற இரண்டு செங்குத்துப் பகுதிகளின் தொகுப்பு, சுமார் 1.80 மீ/வி. அதன் பாதை சுமார் 14° மட்டுமே விலகியிருக்கும்.

காயைப் போல மூன்று மடங்கு கனமான ஸ்ட்ரைக்கர், அசையாத காயில் எந்த ஓரத்தில் பட்டாலும் மீட்சி மோதலில் 19.5°-க்கு மேல் திசை மாற முடியாது. விலகும் கோணத்தின் சைன் மதிப்பு நிறைகளின் விகிதமான 5/15-ஐத் தாண்டாது. சம நிறை என்றால் வேறொரு அழகு: மோதியதும் மோதப்பட்டதும் ஒன்றுக்கொன்று 90° கோணத்தில் பிரியும், நேர் அடியைத் தவிர.

நியூட்ரானை எடை போட்ட கணக்கு

இந்தப் பிளஸ் ஒன் கணக்கு ஒருவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்திருக்கிறது. 1932-ல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக்கின் முன் இருந்த புதிர்: பெரிலியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத, மின்சுமை இல்லாத ஏதோ ஒன்று வருகிறது. அது ஹைட்ரஜன் அணுக்கருவில் பட்டால் கரு விநாடிக்கு 3.3 கோடி மீட்டர் வேகத்தில் எகிறுகிறது. நைட்ரஜனில் பட்டால் கரு விநாடிக்கு 47 லட்சம் மீட்டர் வேகத்தில் எகிறுகிறது. வருவதன் நிறையும் தெரியாது, வேகமும் தெரியாது.

நம் வரியைப் போடுவோம். இலக்கு அசையாமல் இருப்பதால் அதன் பின்வேகம் 2 × மை. வருவதன் நிறை நி, வேகம் மு என்றால்:

ஹைட்ரஜன் (நிறை 1): 2 × நி × மு ÷ (நி + 1)
நைட்ரஜன் (நிறை 14): 2 × நி × மு ÷ (நி + 14)

ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மு மறைந்துவிடும்:

(நி + 14) ÷ (நி + 1) = 330 ÷ 47 ≈ 7.02

நி + 14 = 7.02நி + 7.02, ஆக 6.02நி = 6.98, நி ≈ 1.16. புரோட்டானின் நிறைக்கு ஏறக்குறைய சமம். அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுத்தால் இது போதும். இன்றைய மதிப்பு இதே அலகில் சுமார் 1.001. வருவது காமா கதிர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஹைட்ரஜனுக்கு ஓர் ஆற்றலும் நைட்ரஜனுக்கு வேறோர் ஆற்றலும் வந்து உதைத்தது. நியூட்ரான் என்று வைத்தால் எல்லாம் ஒட்டியது. நோபல் 1935-ல்.

அணு உலையில் அந்த நியூட்ரானை மெதுவாக்கவும் இதே கணக்குதான். சம நிறையுள்ள ஹைட்ரஜனில் நேராக மோதினால் நியூட்ரான் மொத்த ஆற்றலையும் இழந்து நிற்கும், கோலி மாதிரி. கனஹைட்ரஜனில் (நிறை 2) மோதினால் −1/3 பங்கு வேகம், அதாவது 1/9 பங்கு ஆற்றல் மிஞ்சும். கார்பனில் (12) 72 சதவீதம் மிஞ்சும். யுரேனியத்தில் (238) 98 சதவீதத்துக்கும் மேல். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கனநீரை (கனஹைட்ரஜன் கொண்ட நீரை) பயன்படுத்துவதன் பின்னணி இது: சாதாரண நீரின் ஹைட்ரஜன் இன்னும் நன்றாக வேகத்தைக் குறைக்கும், ஆனால் நியூட்ரான்களைக் கனநீரைவிட அதிகமாக விழுங்கிவிடும். அதே வளாகத்தில் உள்ள வேக ஈனுலைக்கு (புதிய எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலைக்கு) வேகமான நியூட்ரான்கள்தான் தேவை. அங்கே குளிர்விக்க நீருக்குப் பதில் திரவ சோடியம். அதன் நிறை 23, நேர் மோதலில்கூட 16 சதவீத ஆற்றலைத்தான் பறிக்கும்.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒன்று: 3 மீ/வி வேகத்தில் வலப்பக்கம் போகும் கோலி, 1 மீ/வி வேகத்தில் எதிரே வரும் அதே மாதிரிக் கோலியோடு நேராக மோதுகிறது.

இரண்டு: 5 மீ/வி வேகத்தில் போகும் 4 கிலோ வண்டி, நிற்கும் 1 கிலோ வண்டியில் மோதுகிறது.

மூன்று: ஒரு பந்து, நிற்கும் இன்னொரு பந்தில் நேராக மோதிப் பாதி வேகத்தில் திரும்பி வருகிறது. இரண்டாவது பந்து எத்தனை மடங்கு கனம்?

விடைகள்: முதலாவதில் −1, +3. இரண்டாவதில் மை = 4, ஆகவே 3, 8. மூன்றாவதில் எண்ணே இல்லையே என்று திகைக்க வேண்டாம். வந்த வேகம் 1 என்றால் 2 × மை − 1 = −½, எனவே மை = ¼. உந்தம் மாறாமல் வேகம் கால்வாசியாக இறங்க மொத்த நிறை நான்கு மடங்காகியிருக்க வேண்டும். அதில் ஒரு பங்கு முதல் பந்து, மீதி மூன்று பங்கு இரண்டாவது.